தூசிக்கு அடைத்த கதவு

இன்று காரைக்குடியில் நானோ ஆய்வகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டும் நாளாம். ஏழாவது படிக்கும் மகளோடு போனேன். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எறும்பின் கண்ணைப் பார்க்கணும் என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

வாசலிலேயே ஊழியர் மறித்தார். "பிள்ளைக போனா தூசியும் உள்ள போயிரும். கண்ணாடி வழியாப் பாருங்க."

பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார். மாலையும் செருப்புமாகப் பதினைந்து பேர் உள்ளே போனார்கள். என் வெள்ளை வேட்டியையும் தொப்பையையும் பார்த்து, "நீங்களும் வாங்கண்ணே" என்றார்கள். வெட்கமில்லாமல் போனேன்.

தரையெல்லாம் சாமந்தி இதழ். விருந்தினரோடு படம் எடுத்து வெளியே வந்ததும் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

"எறும்புக் கண்ணு எப்புடிப்பா இருந்துச்சு?"

"விருந்தாளி முதுகுதான் தெரிஞ்சுச்சு, ஆத்தா."

"அப்ப நீங்க எதுக்குப்பா போனீக?"

கொதிக்கிறது, என் மீதும்தான். பதில் தெரிந்தால் எழுதுங்கள். மற்ற பதினைந்து பேருக்கும் உதவும்.