இரண்டு கேப்டன்களின் அம்பயர்

மைதானத்தில் இறங்குமுன் மாசானம், அம்பயருக்கென்று தந்த டீ-சர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொள்வான். கோப்பை தருகிறவரின் சிரித்த முகம் அதன் நெஞ்சில் அச்சாகியிருக்கும். அந்த முகம் உள்ளே அவன் வியர்வையில் கிடக்கட்டும். பிறகு பேண்டின் இடது பையில் ஆறு புளியங்கொட்டைகள். ஒரு பந்து முடிந்தால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும்.

வாரமெல்லாம் ஒரகடத்தில் கார் பம்பருக்கு பெயின்ட் அடிக்கும் லைனில் நிற்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூருக்குப் பின்னால், இன்னும் எந்தக் கம்பெனியும் சுவர் எழுப்பாத பொட்டலில், டென்னிஸ் பந்து ஆட்டங்களுக்கு அம்பயர். ஒல்லி ஆள். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். கோபம் வந்தால் மூடமாட்டான்.

முன்பெல்லாம் பேட்டிங் செய்கிற அணியிலிருந்தே ஒருவன் அம்பயராக நிற்பானாம். மூன்று ஸ்டம்பும் சாய்ந்தாலும் நோ-பால் என்பானாம். ஓர் ஆட்டத்தில் மண்டை உடைந்தபிறகு புது வழக்கம் வந்தது. இரண்டு கேப்டன்களும் சேர்ந்து தலையாட்டினால்தான் அம்பயர். நின்றுவிட்டால் கடைசிப் பந்துவரை அவனை மாற்றக் கூடாது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரனான மாசானத்துக்கு இந்த ஊரில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அதுவே தகுதியாயிற்று. "இன்னா மாசானம், நம்ம பக்கம் கொஞ்சம் பாத்து குடுப்பா" என்று கேலி பேசுகிற உள்ளூர்க் கேப்டன் டில்லிபாபுகூட முதலில் அவனைத்தான் கூப்பிடுவான்.

இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் மாசானம் நாட்டையே அளக்கிறான். மாநிலப் போலீசின் தலைமை நாற்காலிக்கு யார் என்று டீக்கடைப் பேப்பரில் செய்தி வந்துவிட்டால் அவன் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

"பொட்டல்ல ஆடுத ஆட்டத்துக்கே ரெண்டு கேப்டனும் வேணும்ங்கோம். அம்புட்டு போலீசுக்கும் பெரியவர ஆளுங்கச்சி மட்டும் தனியா உக்காந்து பொறுக்குது. எதிர்க்கச்சிக்காரனயும், ரெண்டு பக்கமும் ஒட்டாத ஒருத்தரயும் பக்கத்துல உக்கார வச்சிலா கேக்கணும்? போட்டபொறவு கைய வைக்கப்பிடாது. ரெண்டு வருசம் அந்த ஆள அசைக்கப்பிடாதுன்னு கோர்ட்டு சொன்னது யாருக்காம்?"

ஓட்டு வாங்கி வந்தவன்தானே ஆளைப் போடணும் என்று ஒருநாள் டில்லிபாபு மடக்கினான். மாசானம் டம்ளரை வைத்தான்.

"ஓட்டுப் போட்டு பேட்டத்தான் கையில குடுத்தோம். வெரலத் தூக்கதுக்குமா குடுத்தோம்?"

அந்தக் கோபத்துக்கு ஒரு கால் உண்டு. அறைத்தோழன் மாரிராஜின் இடது கால். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவன்மேல் ஜல்லி லாரி ஏறியது. மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.பி. லாரியைப் பிடித்து நிறுத்தினார். ஓட்டியவனை உள்ளே வைத்தார். லாரியின் சொந்தக்காரரையும் விசாரணைக்கு வரச் சொன்னார். அதே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. அவருக்காகப் பேசியிருக்க வேண்டிய மேலதிகாரி, தன்னை அந்தத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வழக்கு தூங்குகிறது. லாரி ஓடுகிறது, அதே சாலையில், முன்கண்ணாடியோரம் கட்சிக்கொடியோடு. லாரிக்காரர் பலராமன். கோப்பை தருகிறவரும் அவர்தான்; டீ-சர்ட்டில் சிரிப்பவரும் அவர்தான்.

"எங் கால எடுத்தவன் கப்புக்கு நீ அம்பயராலே?" என்று இறுதி ஆட்டத்தன்று காலையில் மாரிராஜ் கேட்டான்.

"ரெண்டு கேப்டனும் கூப்பிட்டிருக்கானுவலே" என்றான் மாசானம். மாரிராஜ் ஊன்றுகோலோடு வந்து எல்லைக்கோட்டருகே உட்கார்ந்தான்.

கடைசி ஓவர். மட்டை பலராமனின் மகன் சுபாஷிடம். பந்து மட்டையின் ஓரத்தை உரசியதுபோல் போய்க் கீப்பர் கையில் விழுந்தது. பொட்டலே கத்தியது. பந்து வீசும் அணியின் கேப்டன் டில்லிபாபு மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து அவுட் கேட்டான். மாசானம் எல்லைக்கோட்டைப் பார்த்தான். மடித்துவிட்ட ஒரு பேண்ட் கால், அதன்மேல் இரண்டு கண்கள். பட்டிருக்கக் கூடாதா என்று அவன் மனம் அந்தப் பந்திடம் கெஞ்சியது. அது படவில்லை. பைக்குள் விரல் புளியங்கொட்டையை நெரித்துக்கொண்டிருக்க, தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

மாரிராஜ் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

நிழற்பந்தலில் பலராமன், வர்ணனை சொல்பவனிடமிருந்து மைக்கை வாங்கினார். "பாத்துக்கினீங்களா? மாசானம் நம்மாளுப்பா." பொட்டலைச் சுற்றியிருந்த கம்பெனிகளின் சுவர்கள் அதை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லின. நம்மாளு. நம்மாளு.

மாசானம் ஸ்டம்பை விட்டுப் பந்தலை நோக்கி நடந்தான். ஆட்டம் நின்றது. அவன் குனிந்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைக் வயரைப் பிடுங்கினான். நிதானமாகச் சுருட்டி, பலராமனின் மடியில் வைத்தான். திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றான். இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போட்டான்.