பாக்கலாங் கண்ணு

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக நான் வந்து இறங்கிய அன்று, மாமியார் என் கையைப் பிடித்து, "வா கண்ணு, உள்ள வா" என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். நான் ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கொஞ்சிக் கூப்பிட்டதில்லை. அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவாள், கோபம் வந்தால் "ஏய்" என்பாள், அவ்வளவுதான். முன்பின் பழகாத ஒருவர் என்னைக் கண்ணு என்றதும், தோழிகளுக்கெல்லாம் போன் போட்டு மாமியாரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த ஊரில் எல்லாமே கண்ணுதான் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. கன்றுக்குட்டியும் கண்ணு, புதிதாக நட்ட தென்னையும் கண்ணு. எனக்கு முகத்தில் பரு வந்தால் யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள். ஒருநாள் கட்டுத்தரையிலிருந்து, "கண்ணு, வா, தண்ணி குடி வா" என்று மாமியார் குரல் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவர் வாளியோடு கன்றுக்குட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "உன்னையில்ல கண்ணு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாமல் போனது வேறு விஷயத்தில். மாமியார் வாயிலிருந்து 'வேண்டாம்' என்றோ 'முடியாது' என்றோ வந்து நான் கேட்டதே இல்லை. ஆத்தூர் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "போலாங் கண்ணு, வெயில் கொறையட்டும்" என்பார். வெயில் குறைந்தால் களையெடுக்க ஆள் வந்துவிடும். சமையலறையில் புகை நிற்கிறது, ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வைக்கலாமா என்று கேட்டேன். "வெச்சரலாங் கண்ணு" என்றார். அந்த ஜன்னல் இன்றுவரை அதே அளவில்தான் இருக்கிறது. மூஞ்சிக்கு நேராக மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கண்ணு கண்ணு என்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எதிர்த்துப் பேசினால் நான்தான் பொல்லாதவள் ஆவேன்.

நான் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் வேலை பார்த்தேன். நாமக்கல்லில் ஒரு லேபில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ப் பேசினேன். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். மாமியாரிடம் சொன்னதும், "பாக்கலாங் கண்ணு, நல்லதுதான்" என்றார். நல்லது என்றாரே என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புடவைக்கு இஸ்திரி போட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். "உன்ற நங்கையா ஊட்ல எல்லாரும் வாராங்க கண்ணு. கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சரு" என்றார். நங்கையா என்றால் என் கணவரின் அக்கா. அவர்கள் வருவது எனக்கு அப்போதுதான் தெரியும். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம் போனேன்.

"வேலைக்குப் போறத அத்தைகிட்ட முன்னாடியே சொன்னேங்க. சரின்னுதான் சொன்னாங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"பாக்கலாங் கண்ணுன்னு."

"அட, அப்படின்னா வேண்டாம்னுதான் அர்த்தம். இத்தன நாளா உனக்குத் தெரியலியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்து, "அத்தை, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. இனிமே என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேலையை யாரும் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். மாமியார் தலை நிமிராமல், "வாங்க. கொழம்பு இருக்குதுங்க, போட்டுச் சாப்புடுங்க" என்றார். முதலில் கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை, அதன்பிறகு அப்படியேதான். காலையில் "எந்திரிச்சுட்டீங்களா", புறப்படும்போது "பாத்துப் போயிட்டு வாங்க". பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருநாள் என்னிடம், "உன்ற மாமியா உனக்கு என்ன மரியாத குடுக்கறாங்க பாரு! குடுத்து வெச்சவ நீ" என்றாள். அவளிடம் என்னவென்று சொல்வது?

லேபில் ரத்தம் கொடுக்க வரும் வயசாளிகள் ஊசியைப் பார்த்ததும், "மெதுவாக் குத்து கண்ணு" என்று கையை நீட்டுகிறார்கள். அந்தக் கண்ணுவுக்குப் பயம் என்று மட்டும்தான் அர்த்தம். அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது.

போன வாரம் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அத்தை, நீங்க வாங்க போங்கன்னு பேசறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. பழையபடியே கூப்பிடுங்களேன்."

மாமியார் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பிடிங்க கூப்புடோணும்?"

தெரியாமல் கேட்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சொல்லை நானே என் வாயால் எப்படிச் சொல்லிக் கேட்பது? பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது.

"எப்படியோ கூப்பிடுங்க" என்று டிபன் பாக்ஸைப் பையில் திணித்தேன்.

"சரிங்க" என்றார்.