ஒரு தரம்தான் கேட்டான்

என் ஓரகத்தியின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன், அம்மாவை அர்மீனியாவுக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னான். நம் பக்கத்து ஆட்கள் அவ்வளவாகப் போகாத நாடாம். எங்கே பார்த்தாலும் மலை. பாறையைக் குடைந்து அந்தக் காலத்தில் கட்டிய மாதா கோயில்கள்.

ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நான் கீழே. போனில் அவன் படம் காட்டும்போது நானும் எட்டிப் பார்த்தேன். சட்டென்று திரும்பி, "பெரியம்மா, நீங்களும் வாங்களேன்" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா? நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். காப்பி வேணுமா என்று கேட்டால்கூட நாங்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். இன்னொரு தரம் கேட்பார்கள், வாங்கிக்கொள்வோம். அவன் இன்னொரு தரம் கேட்கவில்லை. "சரி பெரியம்மா" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டான். பிள்ளைக்குத் தெரியாது, போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்திக்குமா தெரியாது? வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. கொளுத்துகிற வெயிலில் ஓரகத்தி புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"எப்படிக்கா இருக்குது?"

"கரடி மாதிரி இருக்குது."

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஒரு நாள் மகனிடம், "அங்க பெரிய மலை ஒண்ணு இருக்குதுன்னியே, சுத்தி வர எவ்ளோ நேரம் ஆவும்? செருப்பில்லாம நடக்கலாமா?" என்று கேட்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிற எங்கள் ஊர்க்காரிக்கு மலை என்றாலே சுற்றத்தான் தோன்றும்.

"ஐயோ அம்மா, அது பக்கத்து நாட்டுல இருக்குது. இந்தப் பக்கம் நின்னு பாக்கத்தான் முடியும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கிளம்புகிற வாரம், வழிக்குப் புளிக்காய்ச்சல் செய்து தரச் சொன்னாள். என் கைப்பக்குவம் அவளுக்கு வராது. புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, நிமிராமலே சொன்னேன்: "எனக்கும் வரணும்னு ஆசைதான்டி."

"அய்ய, அன்னிக்கே சொல்றதுதானே? நீங்கதான வேணான்னீங்க? டிக்கெட்டு, விசா எல்லாம் ஆயிடுச்சே."

சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "காரம் மட்டும் கம்மியா போடுங்கக்கா, அவனுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

தாளிக்க எடுத்து வைத்திருந்த மிளகாயோடு இன்னும் ஒரு பிடி கிள்ளிப் போட்டேன்.