முந்தினால் திசை மாறும் காற்று

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் உப்பளத்திலிருந்து அரியாங்குப்பத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் பழைய வெளிநாட்டுக் காரில்தான். அதற்கு வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவு. வீட்டில் செல்லம் என்னைவிட ரொம்ப அதிகம்.

ஏ.சி. முகத்துக்கு நேரே ஜில்லென்று வந்தது. பாலம் தாண்டியதும் ஒரு பஸ்ஸை முந்த, என் வீட்டுக்காரர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். அவ்வளவுதான்... காற்று என் முகத்தை விட்டுவிட்டு முன் கண்ணாடிக்குப் போய்விட்டது. எதிரே ஒரு லாரி. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ஏ.சி.க்கு என்ன ஆச்சு என்று வழியெல்லாம் அவருக்குக் கவலை. எனக்கு? உயிர்க் கவலை. மெதுவாகப் போங்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுநாள் சாயங்காலம் பஷீர் பாய் வந்தார். ஜவுளிக்கடைக்காரர், இவரைப் போலவே பழைய கார்ப் பைத்தியம். கையில், அளவு காட்டும் முள் வைத்த ஒரு குட்டி பம்ப். டேஷ்போர்டுக்கு அடியில் ஓடும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பம்பால் உறிஞ்சிப் பார்த்தார். முள் அப்படியே நின்றால் நல்லது, இறங்கினால் எங்கோ கசிவு. எல்லாக் குழாயிலும் முள் அசையாமல் நின்றது. கடைசியில், இன்ஜின் பக்கம் இருந்த ஒரு பிளாஸ்டிக் வால்வில் — சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிசு — முள் சரிந்தது.

இந்தக் காரில் ஏ.சி. காற்றைத் திருப்பிவிடும் கதவுகளை இழுத்துப் பிடிப்பதே இன்ஜினின் உறிஞ்சல்தானாம். வண்டியை விரட்டினால் அது குறையும். அப்போது பிடி நழுவாமல் காப்பது இந்த வால்வின் வேலை. அது கெட்டதால், விரட்டும்போதெல்லாம் காற்று கண்ணாடிக்கு ஓடுகிறது. நிதானமாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியும் காதில் ஏறாததை, இந்தத் துண்டு பிளாஸ்டிக்காவது சொல்கிறதே!

பாய் புது வால்வே கொண்டுவந்திருந்தார். மாட்டக் குனிந்தார்.

“பழசே இருக்கட்டும் பாய்,” என்றேன். “இவரு பஸ்ஸ முந்துறப்பல்லாம் எனக்கு உசுரு போயி உசுரு வருது. இதுவாச்சும் இவரக் கொஞ்சம் புடிச்சி வெக்கட்டும்.”

பாய் பம்பைத் துடைக்க ஆரம்பித்தார். புருஷன் பெண்டாட்டி நடுவில் யார் வாயைக் கொடுப்பார்கள்?



“ஏ.சி. வரலன்னுதான் ஒனக்கு அன்னிக்கு வேர்த்துச்சின்னு நெனச்சேன்,” என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. புது வால்வை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபமா, வருத்தமா... நான் கேட்கவில்லை.

நேற்று மறுபடி அரியாங்குப்பம் போனோம், அதே கெட்டுப்போன வால்வோடு. தங்கை வீட்டு வாசல்வரை ஜில்லென்ற காற்று என் முகத்தை விட்டு நகரவே இல்லை.

வழியில், தேங்காய் மூட்டை கட்டிய ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது. பார்க்காத மாதிரியே ஓட்டினார் மனுஷன்!