தியாகியின் மனைவிக்கு வலிப்பு நின்றது

தையல் கம்பெனியில் அவளுக்குக் கட்டிங் அக்கா என்று பெயர். நாற்பது அடுக்குத் துணியை நூல் பிசகாமல் மிஷினில் அறுப்பாள். ஒருநாள் அந்த மிஷின் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்தாள். சூப்பர்வைசர் மகா புத்திசாலி; நாக்கைக் கடித்துக்கொள்வாளே என்று வாயில் கரண்டியைத் திணித்து முன்பல்லை உடைத்தார். மறுநாளே அவளைப் பட்டன் தைக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டில் கணவனுக்கு வேறு யோகம். வலிப்புக்காரியோடு குடித்தனம் நடத்துகிறானே என்று தெருவே உருகி, தியாகி என்று பெயர் வைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தியாகி ஒரு மாத்திரைகூடக் கையால் வாங்கி வந்ததில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசை நாற்காலி அவனுக்குத்தான்.

எந்த மாத்திரைக்கும் வலிப்பு அடங்கவில்லை. அது கிளம்பும் இடத்தை மூளையிலிருந்து அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. "பத்துல ஏழு பேருக்கு நின்னுடும். ஆனா சில வார்த்தை சட்டுனு ஞாபகம் வராமப் போகலாம்."

"தலையைத் திறக்கறதா? எதுக்கு இந்த விஷப்பரீட்சை? நான்தான் பாத்துக்கறேனே," என்றான் தியாகி.

"நீங்க பாத்துக்கிட்டது போதும்," என்று அவளே கையெழுத்துப் போட்டாள். பயம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கழிவறையில் அழுது தீர்த்துவிட்டுத்தான் போட்டாள்.

வலிப்பு நின்றது. பேச்சில்தான் தடங்கல். கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே அதன் பெயரைத் தேடுவாள். சொந்தபந்தங்கள் சும்மா இருப்பார்களா? வந்தவர்களெல்லாம் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லு பாப்போம்," என்றார்கள். "உங்க மூளைய அளக்கற டம்ளர். இன்னும் நிரம்பல," என்றாள் ஒருநாள். அதோடு அந்தக் கூத்து ஒழிந்தது.

ஒரு வருஷம் வலிப்பில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி கட்டிங் வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். தியாகிக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. நன்றாக இருக்கிற பெண்டாட்டியோடு வாழ்பவனை எந்த ஊரில் மெச்சுவார்கள்?

வருஷம் முடிந்தது. "நடுவுல ஏதாவது வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் தியாகி முந்திக்கொண்டான். "ரெண்டு தடவை வந்துச்சு டாக்டர். தூக்கத்துல. பாவம், அவளுக்கே தெரியாது. பக்கத்துலயே முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கற எனக்குத்தானே தெரியும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் நிதானமாகவே சொன்னாள். "ஆபரேஷன் ஆனதுலேர்ந்து நான் எங்க பொண்ணோட ரூம்லதான் படுக்கறேன் டாக்டர். இவரு பக்கத்துல படுத்திருந்தது யாருன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

தியாகியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா சான்றிதழை எழுத ஆரம்பித்தார்.