பிளீச் ஊற்ற மாட்டேன் என்று சொன்ன நாள்

2004-ல, பசிச்ச ஜனங்க எடுத்துச் சாப்பிடக் கூடாதுன்னு நல்ல சாப்பாட்டுல பிளீச் ஊத்தினவன் நான். இந்தத் துபாய் கராமா ஜெபக் கூட்டத்துல என்னை ஒரு நல்ல சமையல்காரனாத்தான் உங்களுக்குத் தெரியும். அதனால இதை முதல்லயே சொல்லிடுதேன்.

குவைத்துல ஹோட்டல் வேலைன்னுதான் திருநெல்வேலியில இருந்து வந்தேன். ரெண்டாவது வாரமே கம்பெனிக்காரங்க பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு, பஸ்ல ஏத்தி, பார்டர் தாண்டி ஈராக்குக்குக் கொண்டு போயிட்டாங்க. சின்ன ஊர். அந்நிய ராணுவம் பிடிச்சு வச்சிருந்த ஊர். கடைத்தெருவுல டாங்கி நிக்கும். ரொட்டிக் கடை மூடியே கிடக்கும். எந்த வீட்டுக் கதவை எப்போ உடைப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஊர் ஓரத்துல ராணுவ கேம்ப். அதோட மெஸ்ல எனக்கு டூட்டி.

அங்க மிஞ்சின சாப்பாட்டை நினைச்சா இப்பவும் குமட்டுது. பிரிக்காத ஜூஸ், வாய் வைக்காத கோழி, தட்டுத் தட்டா முட்டை. எல்லாத்தையும் கேட்டுக்கு வெளியே ஒரு குழியில கொட்டணும். ஊர்ப் பொம்பளைங்க பாத்திரத்தோட வந்து நிப்பாங்க. அவங்க கூடினா கேம்புக்கு ஆபத்தாம். அதனால மேல பிளீச். ஊத்துறது என் வேலை.

ஒரு நாள் கறுப்பு அபாயா அங்கி போட்ட ஒரு அம்மா கிட்ட வந்தாங்க. காவலுக்குத் துப்பாக்கியோட நின்னவனைப் பாக்கல, என்னைத்தான் பாத்தாங்க. “ஹராம்”னாங்க, செய்யக் கூடாத பாவம்னு அர்த்தம். சத்தமே போடல.

அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. என் கையை என் வாய்க்குக் கொண்டு போகவே அருவருப்பா இருந்தது. நாங்க தங்கியிருந்த கண்டெய்னருக்குப் பின்னால முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, எனக்குப் பயம். என்னால நிறுத்த முடியல. நீரே இந்தக் கையை நிறுத்தும்.” வேற ஜெபம் வரல.

மறுநாள் குழி ஓரத்துல பிளீச் கேனைத் தொடாம நின்னேன்.

“ஜல்தி, ஊத்து!”ன்னார் சூப்பர்வைசர். அவரும் நம்ம நாட்டுக்காரர்தான்.

“ஊத்த மாட்டேன் பாய்.”

“அப்போ திரும்பக் கேட்டுக்குள்ள வராதே. பாஸ்போர்ட் மாஃபி, கிடையாது.”

வெளியே நின்னா, கேம்புல வேலை பாத்தவன்னு ராணுவத்தை எதிர்க்கிறவங்க கடத்திட்டுப் போயிருவாங்க. தெரியும். ஆனாலும் வாய் மாத்திப் பேசல. அவர் கேனைத் தூக்கினார், நான் பிடிச்சேன். இழுபறியில மூடி தெறிச்சு மொத்தமும் என் ரெண்டு கையில கொட்டிச்சு. நான் அலறினேன். அவர் என்னைச் சாப்பாடு கொண்டு வந்த வண்டியில போட்டுக் கேம்புக்குள்ள ஓட்டிட்டுப் போனார். திரும்பிப் பாத்தேன். பொம்பளைங்க குழியில இறங்கி, ஜூஸையும் கோழியையும் பாத்திரத்துல அள்ளிக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு அதுல ஒரு சொட்டு பிளீச் இல்ல.

கேம்ப் டாக்டரம்மா வெந்த கையைப் பாத்தாங்க. “இவருக்கு இனி இங்க வேலை இல்ல, அனுப்புங்க”ன்னு எழுதிட்டாங்க. மூணாம் நாள் குவைத்துல இருந்தேன். கை உதவாதவன் எதுக்குன்னு கம்பெனிக்காரனே பாஸ்போர்ட்டைத் தூக்கி மேஜையில போட்டான்.

கை ஆற நாலு மாசம் ஆச்சு. வலியில அழுதேன், ஆனா ஒரு நாளும் ஏன் இப்படின்னு கேக்கல. கேட்டதைத்தானே ஆண்டவர் கொடுத்தார். அந்த ஊர் பேரைச் சொல்லித்தான் இன்னைக்கும் என் காலை ஜெபம் தொடங்குது.

உங்க வேலையில எதையாவது பாத்து உங்களுக்குக் குமட்டுதா? பழகிடும்னு விழுங்காதீங்க. அந்தக் குமட்டலோடயே அவர் முன்னால போய் நில்லுங்க. சுத்தமான பிறகு வான்னு அவர் என்கிட்டச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டார்.