பெயின்ட் வாளியில் ஒரு வெளியூர் எலி

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதல் நாள் ஒரு பக்கக் கன்னம் வீங்கியது, மறுநாள் இரண்டு பக்கமும். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ என்னை முறைப்பது போல இருந்தது. இந்த நோய்க்குக் கழுத்தில் தங்கம் போடுவார்கள். தங்கம் உடம்பில் பட்டால் வீக்கம் வடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கன்னத்தில் நாமக்கட்டியை உரைத்துப் பூசினாள்.

அன்று சாயங்காலமே மாமா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நோய் எனக்கு வந்திருக்க, அம்மாவை ஏன் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கிளம்பும்போது அம்மா என் பக்கத்தில் வரப் பார்த்தாள். மாமா, "கிட்ட போவாத, சொன்னா கேளு" என்றார். அவள் நிலைப்படியிலேயே நின்று, "சங்கிலிய கழட்டிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பதும் சாவி வாங்குவதும்தான் வேலை. அந்த வாரம் சித்ரா பௌர்ணமி. லாட்ஜில் மொட்டை மாடிவரை ஆட்கள் படுத்திருப்பார்கள். அப்பா இரண்டு நாள் வீட்டுப் பக்கம் சரியாக வர முடியவில்லை. கீழ்வீட்டு அக்கா சாப்பாட்டைத் தட்டில் வைத்து, மாடிப்படியின் நடுவில் வைத்துவிட்டுக் கை தட்டுவாள். அவள் இறங்கிப் போனதும் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெருப் பிள்ளைகள் எங்கள் ஜன்னலைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நோய்க்கு எந்த நாற்றமும் கிடையாது. இருந்தாலும் ஓடினார்கள்.

பௌர்ணமியன்று நாள் முழுவதும் ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன். மலையைச் சுற்றுவதற்கு ஊர் ஊராக வந்து எங்கள் தெரு வழியாக நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து மாடியைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு மலை இருந்தது.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாருனா வந்தாங்களா பாப்பா?"

"இல்ல."

"யார்கிட்டனா பேசினியா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மீன் வாங்கலாமா?" என்றார்.

தலையோடு சேர்த்துத் தாடைக்கு ஒரு துண்டைக் கட்டி, சைக்கிளில் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த கலர் மீன் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா சார், பாப்பாக்கு?" என்றார்.

"பல்லு வலி" என்றார் அப்பா. சாவிக் கணக்கில் ஒரு நிமிடம் தப்பினாலும் திருத்தி எழுதுகிற மனிதர் அவர்.

நான் மீன்களைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே ஒரு நீல நிறப் பேசினில் ஏதோ அசைந்தது. ஆறு உருண்டைகள். சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு, மிளகு போன்ற கண்கள். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன முளை மட்டும்.

"எலியா?" என்றார் அப்பா.

"எலி இல்ல சார், ஹேம்ஸ்டர். மெட்ராஸ்லேருந்து வந்துக்குது. குள்ள ஜாதி, இதுக்கு மேல வளராது. நாத்தம் கம்மி, தீனியும் கம்மி."

ஐந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. ஆறாவது மட்டும் பேசினின் மறு ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"அது வேணாம் பாப்பா. கூட்டத்துல சேராது, கடிக்கும். இத பாரு, கை மேல எப்டி ஏறுது பாரு" என்று அவர் வேறொன்றை எடுத்து நீட்டினார். நான் மறுபடியும் அதையே காட்டினேன். வாதாடிப் பேச எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

"அது கேக்கறதயே குடுங்க" என்றார் அப்பா. "தொணைக்கு இன்னொன்னும் சேத்துக் குடுங்க."

"ஐயோ, இங்க ரெண்டு நாள் சும்மா கெடக்கும், நாளாவ ஒண்ண ஒண்ணு கடிச்சிக் கொதறிடும் சார். தனியா இருந்தாதான் இதுங்களுக்கு நிம்மதி."

தனியாக இருப்பதில் ஒரு உயிருக்கு நிம்மதி இருக்கும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதை நான் நம்பவில்லை. தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை எதில் வைப்பது என்ற பிரச்சினை வந்தது. முதலில் அப்பாவின் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் விட்டோம். ஒரு மணி நேரத்தில் மூலையைக் கடித்து மூக்கை வெளியே நீட்டிவிட்டது. பரண்மேல் இருந்த எலிப்பொறியைக் கம்பி இருக்கிறதே என்று அப்பா எடுத்தார். எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். கடைசியில் லாட்ஜிலிருந்து ஒரு பெரிய பெயின்ட் வாளியைக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவினார். வழுவழுப்பான வாளி, ஏற முடியாது, கடிக்கவும் விளிம்பு கிடையாது. அடியில் மரக்கடை இழைப்புத் தூளைக் கொட்டினோம். ஒரு கொட்டாங்குச்சியின் ஓரத்தை உடைத்து வாசல் வைத்துக் கவிழ்த்தோம். சோடா மூடியில் தண்ணீர். வாய்க்குப் பழைய கொசுவலைத் துணி. வெயில் தாங்காது என்று வாளியைச் சுற்றி ஈரக் கோணி.

கீழ்வீட்டு அக்கா படியில் நின்றே எட்டிப் பார்த்தாள். "வீட்டு எலிய ஒழிக்க நான் மருந்து வெச்சிட்டு அல்லாட்றேன். உங்கப்பா காசு குடுத்து எலி வாங்கியாந்துக்கிறாரு!" என்று சிரித்தாள். பிறகு, நான் வாளிக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மூஞ்சிகிட்ட மூஞ்சிய வெக்காதடி. உன் நோவு அதுக்கு ஒட்டிக்கப் போவுது" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் தலையை வெளியே எடுக்க முடியவில்லை. முதல் நாள் எலி கடித்தது. இரண்டாம் நாள் கையை முகர்ந்தது. நாலாம் நாள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லச் சொல்ல அசையாமல் கேட்டது. அதற்கு முன் நான் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. கம்பும் கேழ்வரகும் போடுவேன். காலையில் பார்த்தால் தீர்ந்திருக்கும். சாப்பிடும்போது நான் பார்த்ததில்லை.

எலி வந்த ஐந்தாம் நாள் காலையில் மாமா வந்தார். மேலே ஏறவில்லை. அப்பாவைக் கீழே கூப்பிட்டுப் பேசினார். அப்பா மேலே வந்து, போட்டிருந்த லுங்கியோடு கிளம்பப் போய், மறுபடி வந்து பேன்ட் மாற்றிக்கொண்டார். மாமா கொண்டுவந்த மஞ்சள் பை என் கையில் இருந்தது. நிறைய மல்லாட்டை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். "உரிச்சித் தின்னுனு இரு. சாயங்காலம் வந்துர்றேன்" என்றார் அப்பா. அம்மாவும் வருவாளா என்று கேட்டேன். அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

பகலெல்லாம் எலி தூங்கியது. எனக்குத் தாடை வலியில் மல்லாட்டையை மெல்ல முடியவில்லை. வெயில் தாழ்ந்து அது விழித்துக்கொண்டதும், உரித்து வைத்திருந்த பருப்பை அதன் முன்னால் போட்டேன். படியில் கை தட்டும் சத்தம் கேட்டது. காபியை எடுத்துக் குடித்துவிட்டு வந்து வாளியைப் பார்த்தேன்.

அதன் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. காதுக்குக் கீழே, எனக்கு வீங்கிய அதே இடத்தில். தலை உடம்பைவிடப் பெரிதாகி, அது என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

எனக்கு அழுகைகூட வரவில்லை. அக்கா சொன்னாள், நான் கேட்கவில்லை. என் முகத்தை நான்தான் அதன் முகத்தின் பக்கத்தில் வைத்தேன். எனக்காவது மருந்து போட ஆள் இருந்தது. கடுகளவு உயிர், எத்தனை நாள் தாங்கும்? நாமக்கட்டியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன். கழற்றாதே என்று அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. என் வீக்கம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அதன் கழுத்தில் போடப் பார்த்தேன். அதற்குக் கழுத்தே இல்லை. சங்கிலியைக் கொட்டாங்குச்சிமேல் மூன்று சுற்று சுற்றி, எலியை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார்.

"அப்பா, அதுக்கும் வந்துடுச்சிப்பா. என்னாலதான். நான்தான் கிட்ட போய்ட்டேன். அது செத்துடுமாப்பா?"

அப்பா வாளியைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"உன்னால யாருக்கும் ஒண்ணும் ஆவலமா. கேக்குதா? உன்னால இல்ல. யார் வந்து இன்னா சொன்னாலும் உன்னால இல்ல."

"அதுக்குக் கன்னம்..."

"உன்னால இல்லடா" என்றார் மறுபடி. அவர் நெஞ்சு குலுங்கியது.

அப்போதுதான் கொட்டாங்குச்சியிலிருந்து அது வெளியே வந்தது. ஒரு மூலைக்குப் போய், இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளியது. வாயிலிருந்து ஒரு மல்லாட்டைப் பருப்பு முழுசாக விழுந்தது. இன்னொன்று. பிறகு மறு கன்னத்திலிருந்து இரண்டு. வீக்கம் போய்விட்டது. பருப்பின்மேல் தூளைத் தள்ளி மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டது.

நான் தாடை வலிக்க வலிக்கச் சிரித்தேன். "அப்பா, பாரேன்! நோவு இல்லப்பா, ஒளிச்சி வெச்சிருந்துருக்குது!" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் அப்பா ஏன் அழுகையை நிறுத்தவில்லை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த எலி அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த வாளியிலேயே, கடைக்காரர் சொன்னபடி நிம்மதியாகவே இருந்தது. அந்த வாரம் ஊரில் அம்மாவுக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல, என் கல்யாணம் ஆகி நான் முழுகாமல் இருக்கும்வரை யாருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் மாமாவின் மனைவி சொன்னாள். அந்தக் கோடையில் அம்மாவுக்கு மூன்று மாதம். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்துக்குள் கரு கலைந்துவிட்டது. பெரியவளின் நோய்தான் சின்னதைக் கொண்டுபோயிற்று என்று அங்கே வந்தவர்கள் எல்லாம் பேசினார்களாம். அதனால்தானா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை எல்லோரும் பேசினார்கள்.

அந்தக் கோடையில், அப்பா போய்வந்து பத்து நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். பையை வைத்துவிட்டு, என்னைக் கூப்பிடாமல் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள் என்று நானும் தள்ளியே நின்றேன். அவளைச் சிரிக்க வைக்க, வாளியைக் காட்டி, சங்கிலி சுற்றியது முதல் மல்லாட்டை விழுந்ததுவரை நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா இன்னா சொன்னாரு?" என்றாள்.

"உன்னால யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னாரு."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். அம்மா வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பக்கத்தில் இழுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் இரண்டு கன்னங்களிலும் வைத்து, எடுக்காமல் வைத்திருந்தாள். வீக்கம் வடிந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றே நினைத்து, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று முகத்தை ஆட்டாமல் நின்றேன்.